ஒற்றை பேட்டரியில் 12 வோல்ட் எடுப்பதை நிறுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லாரி ஓட்டுநர்களின் இரவுப் பயணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைப்பின் வலியைச் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் நடுவழியில் பேட்டரி படுத்துவிடுவதைத் தலையெழுத்துபோல எழுதியிருந்தது மனதை உறுத்தியது. சேலத்தில் லாரி வயரிங் வேலை பார்ப்பவன் நான். அந்தத் தலையெழுத்தைப் பல வண்டிகளில் எங்கள் தொழில்காரர்களே எழுதுகிறோம்.

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையில் இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் 24-இல் ஓடும். ஓட்டுநர் வாங்கி வரும் பாட்டு செட்டோ, சின்ன ஃபேனோ பெரும்பாலும் 12 வோல்ட். உடனே என்ன செய்கிறோம்? இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்பில் ஒரு வயரைப் போட்டு இழுத்துவிடுகிறோம். செட் பாடுகிறது, ஓட்டுநரும் சந்தோஷமாகப் போகிறார்.

கேடு பிறகுதான் தெரியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து ஏறக்குறைய 28 வோல்ட் கொடுக்கிறது. அதற்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. செட்டுக்கும் ஃபேனுக்கும் கரன்ட் கொடுத்த ஒன்று மட்டும் சார்ஜ் அதிகம் இறங்கியிருப்பது தெரியாது. ஆளுக்கு 14 கிடைக்க வேண்டிய இடத்தில், இறங்கிய பேட்டரிக்கு 13 சொச்சமும் மற்றதற்கு 15 வரையும் போகலாம். முன்னது ஒருநாளும் முழுதாக நிறையாது, தகட்டில் சல்பேட் படியும். பின்னதில் தண்ணீர் கொதித்து வற்றும். கடைசியில் பேட்டரி கம்பெனியைத் திட்டிவிட்டு, கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். நொண்டி மாட்டோடு நல்ல மாட்டை ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரி, புதியதும் சீக்கிரமே சோர்ந்துவிடும். இரவு முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டையும் தனித்தனியே மீட்டரில் பாருங்கள். ஒன்று 12.6, மற்றது 12.2 என்று காட்டினால் இந்த நடு வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் இருக்கிறது. அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். 12 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர் செலவானால் 24 பக்கம் ஐந்து, ஆறு ஆம்பியர்தான் இழுக்கும். பொருத்தப் போகும் சாமான்களின் ஆம்பியரைக் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வாங்கினால் போதும். ஒரு ஜோடி பேட்டரி விலையோடு பார்த்தால் சிறு தொகை. முகப்பு ஓவியத்துக்கும் அலங்கார விளக்குக்கும் தாராளமாகச் செலவிடும் உரிமையாளர் இதற்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடல் வழியாகக் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. எஞ்சினும் கேபினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சேஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்க்கும் எர்த் பட்டை இருந்தால்தான் கரன்ட் ஒழுங்காகத் திரும்பும். பெயிண்ட் மேலேயே லக்கை (வயர் முனையிலுள்ள உலோக வளையத்தை) வைத்து முறுக்கிவிடுகிறார்கள். துருவும் சேர்ந்தால் கரன்ட் வேறு வழி தேடும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதென்றால் பின்விளக்கின் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், பனிமூட்டத்தில், பின்னால் வருபவருக்கு அந்த விளக்கு ஒன்றுதான் அடையாளம். தொப்பூர் இறக்கத்திலும் அப்படித்தான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் லக்கைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முறுக்கிய பின் கிரீஸ் தடவ வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார்கள் அதிகம். எர்த் கெட்டால் தவறான எரர் கோடு வரும். நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்த வண்டிகளும் உண்டு.

ஃபியூஸ் பற்றி நீட்டத் தேவையில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சேஸ் ஓட்டையில் உரசி வயர் தோல் உரிந்தால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டது. மிக நல்ல முடிவு. பழைய வண்டி ஓட்டுபவர்களும் வெயிலில் வேகிறவர்கள்தானே, அவர்களும் ஃபேன் கேட்பார்கள், கேட்கட்டும். அந்த ஃபேனுக்கு நடு வயர் இழுக்காமல் இருக்க, சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டுப் பாடி கட்டும் பட்டறைகள் எஸ்டிமேட்டிலேயே கன்வர்ட்டரையும் ஃபியூஸையும் தனி வரியாக எழுத வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வயரிங் படம் ஒன்றை கேபின் கதவுக்குள் ஒட்டித் தந்தால், வெளியூரில் வண்டியைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கொண்டலாம்பட்டி, சேலம்.