எரிமலையடி ஊர்களுக்கு நிலநடுக்க அபாய வரைபடம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2018 டிசம்பர் 26, விடியற்காலை 3.19 மணி. சிசிலியில் எட்னா மலையின் கிழக்குச் சரிவு குலுங்கியது. அளவு 4.9 தான். ஆனால் ஃப்ளேரி, பென்னிசி ஊர்களில் வீடுகளும் தேவாலயங்களும் இடிந்தன. ஃபியாந்தாக்கா பிளவு ஏறத்தாழ 8 கி.மீ. நீளத்துக்குத் தரையைக் கிழித்தது. பெரிய நகரமான கத்தானியாவோ பதறி விழித்ததோடு தப்பியது. காரணம் ஆழம் குறைவு. அதிர்வு கிளம்பிய இடம் தரையிலிருந்து ஒரு கி.மீ.க்கும் குறைவான ஆழத்தில்.

உங்கள் கணக்கு இப்படிப்பட்ட நிலநடுக்கத்தை முதல் படியிலேயே வடிகட்டிவிடுகிறது. 5-க்குக் கீழான நிகழ்வுகளால் சேதம் வராது என்று வெட்டுகிறீர்கள். 15 கி.மீ. ஆழத்தில் நடப்பவற்றுக்கு அது சரி. எரிமலைப் பகுதிக்கு அந்த வரம்பை 4-க்கு, முடிந்தால் 3.5-க்கு இறக்குங்கள். 2017 ஆகஸ்டில் இத்தாலியின் எரிமலைத் தீவான இஸ்கியாவின் கசாமிச்சோலாவில் இருவரைக் கொன்ற நிலநடுக்கத்தின் அளவு வெறும் 4.0.

அதே இஸ்கியாவில் இன்னொரு பாடமும் உண்டு. முதல் அறிவிப்பு கடலுக்கடியில் 10 கி.மீ. ஆழம் என்றது; திருத்தியபோது ஊருக்கு நேர் கீழே 2 கி.மீ.க்கும் குறைவு என்று வந்தது. ஆழம் சரியாகப் பிடிபட வேண்டுமானால் ஒரு நிலநடுக்கமானியாவது மையத்திலிருந்து அந்த ஆழத்தின் ஒன்றரை மடங்குத் தொலைவுக்குள் இருக்கவேண்டும். பழைய பட்டியல்களில் வரிசையாக '10 கி.மீ.' என்று இருந்தால் அது பெரும்பாலும் அளந்த எண் அல்ல, மென்பொருள் தானாக இட்ட எண். அதை அப்படியே எடுத்தாளாதீர்கள்.

அடுத்தது தணிவுச் சமன்பாடு, அதாவது தொலைவு கூடக் கூட அதிர்வு எவ்வளவு குறையும் என்று சொல்லும் கணக்கு. பொதுச் சமன்பாட்டை எட்னாவில் வைத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும்: மையத்தருகே குறைத்துச் சொல்லும், 15 கி.மீ. தள்ளி மிகைத்துச் சொல்லும். உடைந்தும் வெந்தும் கிடக்கும் எரிமலைப் பாறை அலையை வேகமாகத் தின்றுவிடுகிறது. எனவே அந்த மலையின் பதிவுகளிலிருந்தே எடுத்த சமன்பாடு வேண்டும். தொலைவையும் மேற்பரப்பில் அளக்காமல் குவியத்திலிருந்து, அதாவது ஆழத்தில் அதிர்வு கிளம்பிய புள்ளியிலிருந்து, அளக்கவேண்டும். இது ஆழமற்ற நிகழ்வுகளுக்கு மட்டும். 1693-இல் கத்தானியாவை அழித்தது போன்ற பெரும் புவியோட்டு நிலநடுக்கத்துக்குத் தனி அடுக்கு, தனிச் சமன்பாடு. இரண்டையும் ஒரே மண்டலமாகக் கலந்தால் இரண்டுமே கெடும்.

ஆண்டுக்கு எத்தனை நடுக்கம் என்ற நிகழ்வு விகிதத்திலும் கவனம் தேவை. மாக்மா, அதாவது நிலத்தடிப் பாறைக் குழம்பு, நகரும்போது சில நாளில் நூற்றுக்கணக்கில் சிற்றதிர்வுகள் கொட்டும். பின்னதிர்வு களையும் வழக்கமான முறை அவற்றில் பெரும்பாலானவற்றை அள்ளி எறிந்துவிடும். களையாமல் விட்டாலோ, சிறியவற்றின் எண்ணிக்கை கூடி பி-மதிப்பு (பெரியவற்றுக்கு எதிராகச் சிறியவை எவ்வளவு மிகுதி என்ற எண்) ஏறும். பெரியவை அரிதாகத் தோன்றும். பிளவுகளின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்னாவில் மாக்கியா 1865-இலும் 1911-இலும் நொறுங்கியது. ஃப்ளேரி 1894, 1984, 2018 என்று அடிபட்டிருக்கிறது. சிற்றதிர்வுகளிலிருந்து நீட்டிய கோடு இந்த மறுவரவைக் காட்டாது.

தள ஆய்வில் அதிகம் ஏமாற்றுவது லாவா. மேலே சில மீட்டர் கெட்டிப் பாறை, அடியில் உதிரிச் சாம்பலும் கசடும். துளையிடும் கருவி முதல் அடுக்கில் முட்டியதும் 'பாறைத் தளம்' என்று எழுதிவிடுகிறார்கள். மேல் 30 மீட்டரில் நிலநடுக்க அலை பாயும் சராசரி வேகமும் அந்தப் பொய்க்குத் துணைபோகலாம். நிலத்தின் இயல்பான சிறு நடுக்கமான சூழல் அதிர்வின் கிடை-செங்குத்து விகிதத்தில், மென்மண்ணைக் காட்டும் உச்சி தெரியவில்லை என்பதும் பாறைக்குச் சான்றாகாது. கெட்டிப் பாறை மேலும் உதிரி கீழுமாக வேகம் தலைகீழாக அடுக்கப்பட்ட இடத்தில் அந்த உச்சி அமுங்கிப்போகும். லாவாவைத் துளைத்துக் கீழே போய் அளக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், தெரிந்ததுதான்.

நடுங்காமலே நகரும் பிளவுகளும் உண்டு. எட்னாவின் பெர்னிக்கானா பிளவின் கிழக்குப் பகுதியில் சாலையும் சுவரும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விலகுகின்றன. அதை நிலநடுக்க வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. கட்டடத் தடைக்கோடாகத் தனியே வரையவேண்டும். குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய் கடக்கும் இடங்களில் வளையும் இணைப்பு போடச் சொல்லி அதிலேயே குறிக்கவேண்டும்.

கடைசியாகக் காலம். 50 ஆண்டில் 10 விழுக்காடு வாய்ப்புள்ள அதிர்வு, அதாவது சராசரியாக 475 ஆண்டுக்கொருமுறை மீள்வரவு என்ற ஒரே வரைபடத் தாள், நிகழ்வு விகிதம் மாறாது என்று நம்புகிறது. 2018 டிசம்பர் 24-இல் எட்னாவின் பக்கவாட்டில் மாக்மா புகுந்து வெடிப்பு திறந்தது. ஃப்ளேரி இடிந்தது இரண்டு நாள் கழித்து. ஆகவே 5, 10, 30 ஆண்டுகளுக்கான தாள்களையும் வெளியிடுங்கள். பக்கவாட்டில் மாக்மா புகுந்த ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுத் தாளைத் திருத்தி ஊராட்சிகளுக்கு அனுப்புங்கள்.