எத்தனை பேரில் இத்தனை சதவீதம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கணக்கியல் பட்டப்படிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல்கலைக்கழகம் வாரியாகப் பாடத்திட்டம், கட்டணம், வேலைவாய்ப்புச் சதவீதம் என்று பட்டியலில் எல்லாம் இருந்தது. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகத் தணிக்கை அலுவலகத்தில் குப்பை கொட்டுகிற எனக்கு அந்தக் கணக்கு உதைத்தது.

முதலில் செலவு. பல்கலைக்கழகக் கட்டணத்தை மட்டும் கூட்டிக் காட்டியிருந்தீர்கள். பட்டம் வாங்கியவர் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அதற்குத் தொழில்முறைத் தேர்வு, அதன் பிறகு பயிற்சிக் காலம் என்று தனிப் பாதை இருக்கிறது. இந்தியாவில் பிளஸ் டூ முடித்த கையோடு, பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் முதல் படியான பவுண்டேஷன் தேர்வை எழுதலாம். வணிகவியல் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண் வைத்திருந்தால் பவுண்டேஷனைத் தாண்டி நேரே அடுத்த படியான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். மூன்று வருடப் பட்டம் அங்கே மிச்சப்படுத்துவது அந்த ஒரு படியைத்தான். ஆர்டிகிள்ஷிப் என்கிற அந்தப் பயிற்சிக் காலத்தை 2023-ல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள் என்பது ஓர் ஆறுதல்.

பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு தரும் ஏ.சி.சி.ஏ. தகுதியின் பக்கம் வந்தால் மொத்தம் 13 தாள், 36 மாத அனுபவம். தகுந்த பட்டம் இருந்தால் அதிகபட்சம் 9 தாளுக்கு விலக்குக் கிடைக்கும் என்பதுதான் பல வருடங்களாக உள்ள ஏற்பாடு. இந்த 'அதிகபட்சம்' என்ற சொல்லை விளம்பரத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கும், ஒன்றுக்கு 9 தாள் விலக்கு இருக்கும், மற்றதற்கு அதில் பாதிகூட இருக்காது. விலக்குக் கிடைத்த தாளுக்கும் தனியே பணம் கட்ட வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அமெரிக்காவில் படிப்பின் அளவைக் கிரெடிட் மணியில் கணக்கிடுவார்கள். இளங்கலைக்கு 120 மணி போதும், அங்கே கணக்காளர் உரிமமான சி.பி.ஏ.வுக்கோ 150 கேட்டார்கள். அந்த 30 மணிக்காக ஒரு வருடக் கட்டணம் கூடுதலாகப் போயிற்று. ஆள் வரத்து குறைந்த பிறகு, இளங்கலையோடு இரண்டு ஆண்டு அனுபவமும் தேர்ச்சியும் போதும் என்று பல மாநிலங்கள் 2025-ல் சட்டத்தை மாற்றின.

ஆக, செலவை எழுதும்போது பட்டமளிப்பு விழாவோடு கோடு போட்டு மூடிவிடக் கூடாது. உரிமம் கைக்கு வரும் நாள் வரை கூட்ட வேண்டும். அத்தனை வருடம் முழுச் சம்பளம் வராததையும் சேர்த்துத்தான். வாய்ப்புச் செலவு என்று செலவுக் கணக்கியல் வகுப்பில் பக்கம் பக்கமாக நடத்துகிறார்கள், தங்கள் சேர்க்கைக் கையேட்டில் மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் புதுப் பட்டதாரிகளிடம் நான் கேள்வி கேட்பதில்லை. ஒரு மாதத்து ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் கொடுத்து, இரண்டையும் சரிக்கட்டச் சொல்வேன். ஒரு தம்பி வந்தார், நல்ல மதிப்பெண், ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்கிற சர்வதேசக் கணக்கியல் தரத்தின் குத்தகைக் கணக்கில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்தவர். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சார், பேங்க்ல தப்பாப் போட்டிருக்காங்க. நாம கட்டின பணத்தை கிரெடிட்ல காட்டுது" என்றார். நாம் கட்டிய பணம் நமக்குச் சொத்து, வங்கிக்கோ அது நமக்குத் தர வேண்டிய கடன், அதனால் அவர்கள் ஏட்டில் வரவுப் பக்கம் விழும். இதை அவர் படித்திருக்கிறார், பரீட்சையில் எழுதியும் இருக்கிறார். உண்மையான வங்கி அறிக்கை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே வாரம் வந்த பெண், சாதாரண மதிப்பெண். இரண்டுக்கும் 540 வித்தியாசம் வந்தது. பேனாவைக் கீழே வைத்து ஒரு நொடி யோசித்து, "ஒன்பதால வகுபடுது சார், எங்கேயோ நம்பர் இடம் மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 1,820-ஐ யாரோ 1,280 என்று பதிந்திருந்தார்கள். படிக்கும்போது மாலை நேரத்தில் ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கணக்கு எழுதினாராம். பதிவு வேலையை எல்லாம் மென்பொருள் எடுத்துக்கொண்டுவிடும் என்கிறார்கள், எடுத்துக்கொண்டும் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2013-லேயே கணக்காளர், தணிக்கையாளர் வேலை கணினிமயமாகும் வாய்ப்பை 0.94, அதாவது 94 சதவீதம் என்று போட்டார்கள். வேலை ஒழிந்துவிடவில்லை. ஆனால் புதியவர்கள் கை பழகிய அந்தக் கீழ்ப்படி சுருங்கிவிட்டது. இனி அந்தப் பழக்கத்தைப் படிக்கும்போதே கொடுக்கிற பல்கலைக்கழகம் எது என்பதைக் கட்டுரை கேட்டிருக்கலாம்.

கடைசியாக வேலைவாய்ப்பு விகிதம். 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 70 பேர் தேறுகிறார்கள். அதில் 50 பேர் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் கொடுக்கிறார்கள், 48 பேருக்கு வேலை. கையேட்டில் 96 சதவீதம் என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 48. இரண்டும் பொய்யில்லை, வகுத்த எண்தான் வேறு. அந்த 48-லும் கணக்குத் துறையில் உட்கார்ந்தவர் எத்தனை, விற்பனைப் பிரிவில் போன் எடுப்பவர் எத்தனை? சம்பளத்திலும் ஒரே ஒருவர் வாங்கிய உச்சத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது என்ன என்றுதான் நான் கேட்பேன். பிரிட்டனில் படிப்பு முடித்தவர்களைச் சுமார் 15 மாதம் கழித்து விசாரித்து விவரம் வெளியிடுகிறார்கள். முடித்த மறுநாள் எண்ணுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் 'எத்தனை பேரில்' என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விவரம் தராத பல்கலைக்கழகத்துக்கு நேரே கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தணிக்கையாளர்