மொடக்குறிச்சியில் தாக்கலான 1,033 மனுக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் தொகுதி அலசலில் இந்த முறை எங்கள் மொடக்குறிச்சி வந்திருந்தது. இதழைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் படித்தேன். 2021 சட்டமன்றத் தேர்தல் முடிவை விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். 1996 தேர்தலுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி. 1,033 வேட்பாளர்கள், புத்தகம் போல வாக்குச்சீட்டு, சாதனை என்று நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரித்தபடி கேட்பதும் இதைத்தான். அந்த 1,033 பேரில் என் சித்தப்பாவும் ஒருவர் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு கீழ்பவானி பாசனத்தில் இரண்டரை ஏக்கர். மஞ்சளும் நெல்லும் மாற்றி மாற்றிப் போடுவார். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, விளைந்ததற்கு விலை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. விவசாயிகள் கூட்டமாகப் போய் வேட்புமனு தாக்கல் செய்வது என்று முடிவானபோது வீட்டில் எல்லாரும் திட்டினோம். அப்போது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இதுவும் மனுதானப்பா. இந்த மனுவ மட்டும் அவங்க வாங்காம இருக்க முடியாது."

வாங்கத்தான் செய்தார்கள். வேட்பாளர் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் வாக்குப்பதிவை ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. மாநிலம் முழுக்கத் தேர்தல் முடிந்து, கருணாநிதி முதல்வராகப் பொறுப்பேற்ற பிறகுதான் நாங்கள் ஓட்டுப் போட்டோம். கையில் கொடுத்த வாக்குச்சீட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சின்னத்தைத் தேட வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருவர் மறைப்புக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆனாலும் வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் ஆளாளுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் பெயராவது இருந்தது.

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தங்கள் பெட்டிச் செய்தியும் அதைக் குறிப்பிடுகிறது, ஏதோ அவமானம் நேர்ந்தது போல. ஆனால் அதன் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். இந்தத் தொகுதியில் ஓட்டு இருந்த வேட்பாளர்கள்கூடப் பலர் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. என் சித்தப்பா அப்படிப்பட்டவர். மனுவைத் தாக்கல் செய்தார், ஓட்டை மட்டும் தான் நம்பிய கட்சிக்குப் போட்டார். இரண்டும் வேறு வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அந்த ஆயிரம் மனுக்களுக்குக் கிடைத்த பதிலைத்தான் தாங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதே 1996இல் ஆந்திராவில் அப்போதிருந்த நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், ஃபுளூரைடு கலந்த தண்ணீரைக் குடித்துக் கை கால் முடங்கிய மக்களுக்காக நின்றவர்களையும் சேர்த்து 480 பேர் களத்தில் இருந்தார்கள். கர்நாடகத்தின் பெலகாவியில் 456 பேர். மூன்று ஊர்களில் ஒரே வருடம் மக்கள் இப்படிக் கையை உயர்த்தினார்கள். அந்த ஆகஸ்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் ஒரே தாவலில் 5,000 ஆனது, பிற்பாடு 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. தேர்தலை ஒழுங்காக நடத்த இப்படியொரு கட்டுப்பாடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தைக் குறைக்க வழி கண்டவர்கள் அந்தக் கூட்டம் ஏன் வந்தது என்று எங்களிடம் வந்து கேட்கவில்லையே.

டெபாசிட்டை உயர்த்தினால் இது நின்றுவிடும் என்று நினைத்ததும் தவறு. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் தலா 25,000 ரூபாய் கட்டி நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள், வாக்குச்சாவடிக்குப் பன்னிரண்டு இயந்திரப் பெட்டிகள். முதல்வரின் மகளாகவும் எம்.பி.யாகவும் இருந்த கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் வென்றார். வாரியம் 2025 ஜனவரியில் அங்கே தொடங்கப்பட்டது. தாமதம்தான், ஆனால் மனுவுக்கு ஒரு பதில் வந்தது. நாங்களும் மஞ்சள் விளைவிக்கிற சனம்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது என் சித்தப்பாவின் தகரப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

2021இல் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் எங்கள் தொகுதியில் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் தோற்றது 281 வாக்குகளில். 1977இல் அ.தி.மு.க. சார்பில் இங்கே வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றவர், 1996இல் அத்தனை பேருக்கு நடுவே ஜெயித்தவர். இந்த 281க்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆயிரம் விவசாயிகளுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்.

தங்கள் நிருபர் ஒருவரை இங்கே அனுப்பிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நின்றவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம், அன்று என்ன கேட்டீர்கள், அதில் எது கிடைத்தது, எது இன்னும் வரவில்லை என்று விசாரித்து எழுதுங்கள். என் சித்தப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பகலில் பெரும்பாலும் தோட்டத்துச் சாளையில்தான் இருப்பார். காது மந்தம், கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மொடக்குறிச்சி, ஈரோடு மாவட்டம்.