மூன்று செக்கன் பொறு, பிள்ளை

புத்தூர்
ஞாயிறு

அன்பு மகளுக்கு,

மூன்று ஞாயிறாய் உன்ர போன் வரவில்லை. தவணைப் பரீட்சை வேலையாக்கும். கோண்டாவிலார் உன்ர சம்பந்தம் கதைக்க வந்திட்டுப் போனவை. அது கிடக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வாயே திறக்குதுகள் இல்லை, கொப்பியில எழுதிக் குடுத்தால்தான் பாடமாக்குதுகள் என்று சொன்னாய். பிழை அதுகளில இல்லை. மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தவ. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குப் பொறுக்கிறது ஒரு செக்கன் அளவுதான். அதை 3 ஆக்கினால் பதில் நீளுது, பேசாததுகளும் பேசுதுகள். பதில் வந்த பிறகும் 3 செக்கன் பொறு. உடனே "கெட்டிக்காரி" என்றால் மற்றப் பிள்ளைகள் யோசிக்கிறதை விட்டிடுங்கள்.

ஆனால் "அடர்த்தி என்றால் என்ன?" என்று கேட்டு எவ்வளவு நேரம் நின்றாலும் கொப்பிதான் திரும்பி வரும். எங்கட ஊர் நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கேள். மேலே நல்ல தண்ணி, அடியில உப்பு, ஏன் கலக்கேல்லை? 2 நிமிசம் தனிய எழுதட்டும், பிறகு வாங்கில பக்கத்துப் பிள்ளையோட கதைக்கட்டும். அதுக்குப் பிறகுதான் கண்ணாடிக் கிளாஸை எடு. ஒரு லீற்றர் தண்ணிக்கு 35 கிராம் உப்பு, கடல் தண்ணி அளவு. பீற்றூட் சாறு கொஞ்சம் விட்டு அரைக் கிளாஸ் ஊத்து. கரண்டியைக் கவிழ்த்துப் பிடிச்சு, அதன் முதுகில நல்ல தண்ணியை மெல்ல மெல்ல விடு. அவசரப்பட்டால் கலந்துபோம். மஞ்சள் போடாதே, கரையாமல் அடியில படியும்.

"பீற்றூட்தான் பாரமாக்கும், சேர்ந்து கீழ நிக்குது" என்று ஒண்டு சொல்லும். திருத்தாதே! "அதை எப்பிடிப் பார்க்கலாம்?" என்று மட்டும் கேள். சாயத்தை நல்ல தண்ணிக்கு மாத்திப் பார்ப்பம் என்று அதுகளே வரும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும். ஒரு பாடவேளை காணாது, இரண்டு சேர்ந்து வாற நாளில செய்.

அதிபர் பாடத்திட்டம் முடியேல்லை என்பார், தாய் தகப்பன் பாஸ்ற் பேப்பர் கேட்பினம். குடு. பல்தேர்வில சரியான விடையோட நிக்காமல், மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுவி. 2007இல வந்த ஐந்து ஈ (5E) முறையும், இங்கிலிஷ் ஈ எழுத்தில தொடங்கிற ஐந்து கற்பித்தல் படியள், தேடிக் கண்டுபிடிக்கத்தான் சொன்னது. வாத்திமார் நாங்கள் அதைப் பாடக்குறிப்பில வடிவாய் எழுதிப்போட்டு, வகுப்பில சொல்லிக் குடுத்துக்கொண்டே இருந்தம்.

உன்னோடயும் நான் அப்பிடித்தான். அண்டைக்குப் போனில கேள்வியையும் கேட்டு, நீ வாய் திறக்க முதல் மறுமொழியையும் நானே சொல்லிப்போட்டன். கோண்டாவிலாருக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளையைக் கேக்க வேணும் என்றுதான் அனுப்பினன்.

அம்மா மிளகாய்த்தூள் இடிச்சு வச்சிருக்கிறா, பஸ்ஸில குடுத்துவிடுறம். பதில் வந்த பிறகும் 3 செக்கன், மறந்திடாதே.

அப்பா