லீத் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்

எடின்பரோ,
ஏப்ரல் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்யச் சொல்லுங்கள்.

"விற்கப்போகிற வீட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள், வாங்குகிறவன் பார்த்துக்கொள்ள மாட்டானா" என்று போனில் கேட்டீர்களே, அதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல நேரமில்லை. வாழ்நாளெல்லாம் கொத்துக்கரண்டி பிடித்தவர் நீங்கள். விவரமாக எழுதினால்தான் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

ஸ்காட்லாந்தில் வீடு விற்கிற முறை இங்கிலாந்தில் உள்ளதைப் போல் இல்லை. விளம்பரம் போடுவதற்கு முன்பே, விற்பவர் தன் செலவில் ஒரு சர்வேயரை வரவழைத்து வீட்டைச் சோதித்து அறிக்கை வாங்கிவிட வேண்டும். ஹோம் ரிப்போர்ட் என்று பெயர். 2008 டிசம்பரிலிருந்து இது சட்டம். கூரை, சுவர், ஜன்னல், குழாய், ஓதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து 1, 2, 3 என்று எண் போடுவார். 1 என்றால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், 2 என்றால் பிற்பாடு கவனிக்க வேண்டும், 3 என்றால் உடனே பழுது பார்க்க வேண்டும். வீட்டின் மதிப்பும் அதிலேயே இருக்கும். கூடவே வீட்டைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்று ஏ முதல் ஜி வரை ஒரு தரம், அப்புறம் நாங்களே நிரப்ப வேண்டிய ஒரு கேள்வித்தாள்: தண்ணீர் புகுந்ததுண்டா, தீப்பிடித்ததுண்டா, சுவரை இடித்து மாற்றியதுண்டா என்று. வாங்க நினைப்பவர் கேட்டால் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. குறையை முதலிலேயே சொல்லிவிட்டு விலை பேசுவதுதான் நியாயம்.

அதனால் எங்கள் வேலை வீட்டை ஜோடிப்பதில் தொடங்கவில்லை, பின் அறைச் சுவரில் தொடங்கியது.

நாங்கள் இருப்பது, எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில், நூறு வருடத்துக்கு மேல் பழைய மணற்கல் கட்டடம். ஒரே மாடிப்படி, எட்டு வீடுகள். வடக்கே பார்த்த பின் அறையில் வெயிலே விழாது. அந்த மூலையில் குளிர்காலம் தோறும் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். விளம்பர வேலைக்காக வந்த ஒருவர், "பூசணத்தை மறைக்கும் பெயின்ட் கிடைக்கிறது, சர்வேயர் வருவதற்கு முன் ஒரு கோட்டிங் அடித்துவிடுங்கள்" என்றார். உங்கள் மாப்பிள்ளை அவரிடமே முடியாது என்று சொல்லிவிட்டார். ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்தால் ஆறு மாதத்தில் சுவரே காட்டிக் கொடுக்கும் என்று நீங்கள் சொல்வீர்களே. அடுத்து அந்த அறையில் யாருடைய குழந்தையோ தூங்கப்போகிறது.

காரணத்தைத் தேடினோம். வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லை, உள்ளிருந்துதான். இங்கே சமையலறைக் கூரையில் துணிக்கொடி தொங்கும். கயிற்றை இழுத்தால் மேலே போகும், தளர்த்தினால் இறங்கும். குளிர்காலம் முழுக்க ஈரத்துணியை அதில்தான் போடுகிறோம். அந்த ஈரக்காற்று போக வழியில்லாமல் இருப்பதிலேயே குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பெரிய அலமாரி வேறு நின்றது. ஜன்னலைத் திறக்கலாமென்றால், முன்பு இருந்தவர்கள் பெயின்ட் மேல் பெயின்டாக அடித்து அது சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

இந்த ஜன்னலை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா. மேலும் கீழும் நகர்கிற இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். பக்கக் கட்டைக்குள் பொந்து மாதிரி இடம் விட்டு, அதற்குள் கயிற்றில் இரும்புக் குண்டு தொங்கவிட்டிருக்கிறார்கள். குண்டின் எடையும் சட்டத்தின் எடையும் சமம் என்பதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். தச்சர் வந்து பெயின்டை மெல்லிய கத்தியால் அறுத்து, இற்றுப்போன கயிற்றை மாற்றினார். சுவரைக் கழுவி, அலமாரியை ஒரு சாண் நகர்த்தி, குளியலறைக்கு வெளிக்காற்று விசிறி போட்டு, நன்றாகக் காயவிட்டு அப்புறம்தான் பெயின்ட்.

வெளிச்சுவரில் கல்லுக்குக் கல் இடையே சுண்ணாம்புக் காரைதான் இருக்க வேண்டும். அங்கங்கே யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. ஈரமெல்லாம் கல்லுக்குள்ளேயே தங்கி, காரை அப்படியே இருக்க மணற்கல் பொரிந்து உதிர்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பீர்கள்.

சர்வேயர் இரண்டு ஊசி வைத்த ஈரமானியைச் சுவரில் குத்திக் குத்திப் பார்த்தார். பின் அறைக்கு 1 போட்டார். வெளிக்கல்லுக்கும் கூரைக்கும் 2. அது உண்மைதானே, ஒப்புக்கொண்டோம். கூரை எட்டு வீட்டாருக்கும் பொது. பழுது பார்த்தால் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு 2004இல் வந்த ஒரு சட்டத்தில் விதி இருக்கிறது. கடைசியாகக் கூரை பார்த்தபோது கொடுத்த ரசீதுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கூடத்து மேசையிலேயே வைத்துவிட்டேன். வருகிறவர்கள் திரைச்சீலையைவிட அந்த ஃபைலைத்தான் நின்று பார்க்கிறார்கள். புகை அலாரங்களும் ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைத்திருக்க வேண்டும், 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீட்டுக்கும் அந்த விதி. எங்களுடையது சரியாக இருந்தது.

ஆள் வருகிற நேரம் ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு, வியாழன் சாயங்காலம் ஒரு மணி நேரம். எடின்பரோவில் இது பழைய பழக்கம். வீட்டுக்காரரே நின்று சுற்றிக் காட்டுவதும் இங்கே சகஜம். டிசம்பரில் விற்காமல் காத்திருந்ததற்குக் காரணம் வெளிச்சம். அப்போது மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு வியாழன் சாயங்காலமும் நல்ல வெளிச்சம். விளக்குப் போட்டு அழகாகக் காட்டலாம்தான், ஆனால் வீட்டைப் பகலில் பார்த்து வாங்குவதுதான் வாங்குகிறவருக்குப் பத்திரம்.

சாமான்களில் பாதியை ஒரு தோழியின் கராஜில் வைத்தாயிற்று. துணிக்கொடி காலி. ஞாயிறு காலையில் தாளிப்பு கிடையாது, தயிர்சாதம்தான். நம் சமையல் வாசனைக்கு வெட்கப்பட்டு அல்ல. பழக்கமில்லாத வாசனை வந்தால் ஓதத்தை மறைக்கத்தான் என்று சந்தேகப்பட்டுவிடுவார்கள். ஒரு மணிக்கே எல்லா ஜன்னலையும் திறந்து, ஒன்றரைக்கு மூடி ஹீட்டர் போடுவேன். சாமி அலமாரியை எடுத்துவிடச் சிலர் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. தினமும் விளக்கேற்றுகிற இடம், அது அங்கேயேதான் இருக்கும்.

ஒரு விஷயத்தை நானாகக் கண்டுகொண்டேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் எதைக் காட்டினாலும் மனதில் ஏறாது. அதனால் வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியும் தண்ணீரும் வைத்தேன். உட்கார்ந்து எழுந்ததும் முதலில் முன் அறைக்கு அழைத்துப்போவேன். வானம் தெளிந்திருந்தால் தெற்கே ஆர்தர்ஸ் சீட் என்ற குன்று தெரியும். ஏறிவந்த களைப்பு அங்கே போய்விடுகிறது.

போன ஞாயிறு ஒரு பெரியம்மா வந்தார். ஒன்றும் பேசாமல் பின் அறைக்குப் போய் ஜன்னலை அவரே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். "கயிறு புதிதா?" என்று மட்டும் கேட்டார். மகளுக்காகப் பார்க்கிறாராம். பூசணம் இருந்ததையும், என்ன செய்தோம் என்பதையும், குளிர்காலத்தில் அந்த ஜன்னலைத் தினமும் கொஞ்ச நேரம் திறக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார். அவர் மகளுக்கே இந்த வீடு கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்.

வாங்க விரும்புகிறவர்கள் விலை சொல்ல அடுத்த புதன் நண்பகல் கடைசி நேரம். விளம்பரத்தில் "இத்தனைக்கு மேல்" என்றுதான் விலை போடுவார்கள். விருப்பமுள்ளவர்கள் தங்கள் வழக்கறிஞர் மூலம் ஒரே ஒரு தொகை சொல்ல வேண்டும். மற்றவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அதிகத் தொகைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை.

எடின்பரோவுக்குப் பக்கத்து ஊரான மஸல்பரோவில் நாங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு தரைத்தளம். படியே ஏறாமல் அம்மா உள்ளே வரலாம். பின்னால் சின்னத் தோட்டமும், அதைச் சுற்றி ஒரு பழைய கல்சுவரும் இருக்கின்றன. அந்தச் சுவரை யாரோ சிமெண்டால் பூசிவைத்திருக்கிறார்கள். அதை எப்படிப் பெயர்த்து எடுப்பது, உளி எந்த அளவு, கல்லுக்கு அடிபடாமல் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட் தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்