டிசம்பர் 4 அன்று எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும்

நாள்: 22-11-2024

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் டிசம்பர் 4, புதன்கிழமை, நம் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் தேசிய அடைவுத் தேர்வு, அதாவது நாட்டுப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வு, நடக்கிறது. இந்த முறை அதற்கு ‘பரக் ராஷ்ட்ரீய சர்வேக்ஷண்’ என்று பெயர். 2017இலும் 2021இலும் நடந்ததைப் போலவே நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என எல்லா வகையிலும் சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இந்த முறை நம் பள்ளியும் இருக்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்த ஓர் அம்மா, “சார், இதுல ஃபெயிலானா ஆறாவதுலயே உக்கார வெச்சிருவீங்களா?” என்று கேட்டார். கண்ணில் பயம் தெரிந்தது. அவருக்குச் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. உங்கள் பிள்ளைக்கு மதிப்பெண் வராது. நம் பள்ளிக்கென்று தனி மதிப்பெண்ணும் வராது. முடிவுகள் மாவட்டம், மாநிலம், நாடு என்ற அளவில்தான் வெளியாகும். அதனால் டியூஷன் வைக்க வேண்டாம், கைடு தேடி அலைய வேண்டாம். முந்தின நாள் ராத்திரி பிள்ளைகள் நேரத்தோடு தூங்கினால் போதும்.

நம் மூன்றாம் வகுப்பில் 24 பேர், எல்லோரும் எழுதுவார்கள். ஆறாம் வகுப்பில் 41 பேர் இருப்பதால், அன்று காலையில் வெளியிலிருந்து வரும் கள ஆய்வாளர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து 30 பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பார். நானோ வகுப்பாசிரியரோ அதில் தலையிட முடியாது. தலையிடவும் கூடாது. மீதிப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் வகுப்பு நடக்கும்.

இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் வேறு. 2017இல் இந்தத் தேர்வு நடந்தபோது நான் வேறொரு ஊரில் உதவி ஆசிரியராக இருந்தேன். சரியாக வாசிக்கத் தெரியாத மூன்று பிள்ளைகளிடம், “நாளைக்கு நீங்க வர வேண்டாம்” என்று முந்தின நாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு பையன் மறுநாள் வந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்காக வந்திருந்தான். பையில் தட்டோடு கேட் பக்கத்திலேயே நின்றான். உள்ளே தேர்வு முடிகிற வரைக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏழு வருடமாகியும் அது எனக்கு மறக்கவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அந்த ஒரு சோறு கைக்கு எது வந்ததோ அதுவாக இருக்க வேண்டும். நன்றாக வெந்த பருக்கையாகப் பொறுக்கியெடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தால், அடியில் கிடக்கும் அரிசி அரிசியாகவே இருக்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையை அன்றைக்கு வீட்டில் நிறுத்தினால், அவனைப் போன்றவர்கள் இந்த மாவட்டத்தில் இருப்பதே கணக்கில் வராது. அவனுக்கென்று ஒரு பயிற்சியோ புத்தகமோ வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போகும். நம் பள்ளியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். நீங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

ஆறாம் வகுப்புப் பெற்றோர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் இந்தத் தேர்வை மூன்றாம் வகுப்பில் சந்தித்த தலைமுறைதான் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இவர்கள் ஒன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் போனது. நம் மாநிலத்தில் இவர்களுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. தேர்வு நடந்தது நவம்பர் 12. திறந்த முதல் வாரத்தில் ஒரு பையன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சிலேட்டில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதி, மூன்றாவது எழுத்துக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் நாடு முழுவதுமே மூன்றாம் வகுப்பின் மொழிப்பாடச் சராசரி 500க்கு 336இலிருந்து 323ஆகவும், கணக்கு 321இலிருந்து 306ஆகவும் இறங்கியது. அந்தப் பையன் இப்போது காலை வணக்கக் கூட்டத்தில் செய்தித்தாள் வாசிக்கிறான். இடையில் இவர்கள் எவ்வளவு மீண்டு வந்திருக்கிறார்கள், இன்னும் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

இப்போது மூன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் 2022 ஜூனில், சிறு வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் நம் மாநில அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். முதல் நாளிலிருந்தே அந்த முறையில் படித்த முதல் அணி. அதனால் இவர்கள் எழுதுவதும் முக்கியம்.

தேர்வோடு பிள்ளைகளிடம் சில கேள்விகளும் கேட்பார்கள்: வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள், இந்த மாதிரி. சிலர், “நம்ம கஷ்டத்த எல்லாம் எதுக்கு வெளிய சொல்லணும்” என்கிறீர்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால்தான் பயன். 2021இல் எழுதிய பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள் என்பதும், 24 சதவீதம் பேர் வீட்டில் போன், கணினி போன்ற எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்பதும் இப்படிப் பிள்ளைகள் சொல்லித்தான் நாட்டுக்குத் தெரிந்தது. தலைமையாசிரியர் நிரப்ப வேண்டிய பள்ளி வினாத்தாளும் ஒன்று உண்டு. அதை நானும் இருக்கிறதை இருக்கிறபடியே எழுதப்போகிறேன்.

அப்புறம், அன்றைய ஏற்பாடு. பிள்ளைகள் காலை 9 மணிக்குள் வந்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் காலை உணவு இங்கேயே உண்டு. ஆறாம் வகுப்புக்குக் கிடையாது, அதனால் இரண்டு இட்லியாவது கொடுத்து அனுப்புங்கள். கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா இரண்டு கொடுத்துவிடுங்கள், வாங்க முடியாதவர்களுக்குப் பள்ளியில் வைத்திருக்கிறோம். அந்த வாரத்தில் வெளியூர்க் கல்யாணம், கோயில் என்று போகிறவர்கள் செவ்வாய் இரவுக்குள் திரும்பிவிடப் பாருங்கள். காய்ச்சல் அடித்தால் மட்டும் அனுப்ப வேண்டாம், வகுப்பாசிரியருக்கு ஒரு போன் செய்தால் போதும்.

வரும் வெள்ளிக்கிழமை, நவம்பர் 29, மாலை 4 மணிக்கு ஆறாம் வகுப்பறையில் உட்கார்ந்து பேசுவோம். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் வருகிறார்கள். வேலைக்குப் போய்விட்டு அந்த நேரத்துக்கு வர முடியாதவர்கள் ஆறு மணி வரை எப்போது வந்தாலும் நான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்