தையல்கார அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

பிள்ளையும் அவள் குழந்தையும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். பட்ட பாடு ஊருக்கே தெரியும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி சிஸ்டர்மாருக்கும், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கான பாலாடையை ஒவ்வொரு வேளையும் 10 நிமிடம் கொதிக்கவைத்துத் தந்த ஆயாவுக்கும், ராத்திரி கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணனுக்கும் கைகூப்பி நன்றி. சாளையும் நெத்திலியும் கொடுத்துவிட்ட, பால்சுறா புட்டு அவித்துக் கொண்டுவந்த மைனிமாருக்கும் நன்றி. தாய் தெம்பாக இருக்க அதெல்லாம் வேண்டும். பால் ஊறுவது மட்டும் குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான்.

அந்த உறிஞ்சலுக்கு வழிசெய்தவர் எங்கள் தெருத் தையல்கார அக்கா.

19 வயதுப் பிள்ளைக்குப் பால் இல்லாமல் இல்லை. கூச்சம். மாமனார், கொழுந்தன், பார்க்க வருகிறவர்கள் என்று வீடு நிறைய ஆள். சுடிதாரைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. கழுத்தை இழுத்து இறக்கினால் துணி சுருண்டு, குழந்தையின் தாடைக்கும் மார்புக்கும் நடுவில் நிற்கிறது. தாடை மார்பில் ஒட்டாவிட்டால் காம்பைச் சுற்றிய கருப்புப் பகுதி வாய்க்குள் போகாது, காம்பு மட்டும் சிக்கும். காம்பு வெடிக்கும், வலிக்குப் பயந்து நேரம் தள்ளும், பால் கட்டும், கட்டிய பால் வெளியேறாவிட்டால் சுரப்பும் குறையும். உடனே “அவளுக்குப் பால் பத்தாது” என்று டப்பா பால் வந்துவிடும். சின்ன வயதுத் தாய்மாரில் எத்தனை பேர் இந்த இடத்தில் நின்றுபோகிறார்கள்!

அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. நைட்டிகளை வாங்கிப் போனார், மறுநாள் காலையில் கொண்டுவந்தார். முன்சுருக்குக்கு அடியில், இரண்டு பக்கமும் நேர்வாக்கில் 8 அங்குல ஜிப். உலோகம் கன்னத்தைக் கீறும் என்று நைலான். உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டி. ஜிப்பை இழுக்கும் கொக்கியில் சின்ன நாடா, குழந்தையை ஒரு கை தாங்கியிருக்க மறுகையால் இழுத்துவிடலாம். ஜிப்பின் கீழ்முனையை மார்பின் அடிமடிப்புக்கும் 2 விரற்கடை கீழே இறக்கியிருந்தார். மேலே நின்றால் விளிம்பு அழுத்தி அந்த இடத்திலேயே பால் கட்டும். மேலே ஒரு துப்பட்டா போட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. காசு நீட்டியதற்கு, “பிள்ளைக்குப் பால் கொடுக்கதுக்கு நான் காசு வாங்கவா மக்களே?” என்றார்.

இப்போது குழந்தை நாளைக்கு 10 தடவைக்குக் குறையாமல் குடிக்கிறது. 6 தடவைக்கு மேல் மூத்திரம் போகிறது, எடையும் ஏறுகிறது.

இனி எங்கள் பகுதியில் எந்தப் பிள்ளைக்கும் வளைகாப்போடு இப்படி இரண்டு நைட்டி தைத்துக் கொடுப்போம். பருத்தித் துணிதான். பழைய அளவு ஆகாது. பிரசவமான 3, 4ஆம் நாளில் பால் இறங்கி மார்பு கனக்கும், சுற்றளவில் 2 அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். ஜிப் செலவு எங்களுடையது. தைக்கத் தெரிந்தவர்களுக்கு அக்கா சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.